நல்ல கேள்வி

அத்தியாயம் 14

"மைனஸ் நாப்பதுக்குக் கீழ போனா ஸ்கூல் பஸ் ஓடாதில்ல?" என்று கேட்டாள் டார்லா.

காலையிலிருந்து இது இரண்டாவது தடவை. ஓரெஸ்ட் வாயில் ரொட்டியைக் கவ்விக்கொண்டே, ஜன்னலுக்கு வெளியே மாட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்தார்.

"முப்பத்தொண்ணுதான். தாராளமா ஓடும்."

"மார்லி ராத்திரி இருமினா."

"நான் ஒண்ணும் இருமல!" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

 டார்லா பிளாஸ்கில் காபியை ஊற்றினாள். அது நிரம்பி வழிந்து மேஜையில் ஓடிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. துணியை எடுத்துத் துடைத்தாள். வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் துடைத்தாள்.

ஓரெஸ்ட் அதைக் கவனித்தார். ஆனால் பத்தொன்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் பனிச்சாலையில் போக வேண்டிய ஆசிரியருக்கு, காலை ஏழு மணிக்கு மனைவியின் முகத்தைப் படிக்க நேரம் ஏது? கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து வாழத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. அறுவடை முடிந்த கையோடு கல்யாணம். கில்மோர் என்ற அந்த ஊரின் தானியக் கிடங்கில் எடைமேடையைப் பார்த்துக்கொள்பவள் டார்லா. ஓரெஸ்ட் ஊர்ப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். டார்லாவின் மகள் மார்லி அவரிடம்தான் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். அதனால் பள்ளியில் அவர் அவளுக்கு 'சார்'. வீட்டில் அவருக்குப் பெயரே கிடையாது. "உப்பை இந்தப் பக்கம் தள்ள முடியுமா?" என்று காற்றைப் பார்த்துக் கேட்பாள். போன வாரம் டார்லாவின் பழைய வீட்டை விற்கும் பேச்சு எழுந்தபோது தட்டைத் தள்ளிவிட்டுப் போனவள், இரண்டு நாள் அந்தக் காற்றோடும் பேசவில்லை.

மார்லியின் அப்பா நீல் ஃப்ரீசன், பக்கத்துப் பொட்டாஷ் சுரங்கத்தில் இன்ஜினியராக இருந்தவர். ஆறு வருஷத்துக்கு முன்பு ஜெர்மனியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்துத் தனியாகப் போனார். முதலில் வாரத்துக்கு ஒரு போன். பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒன்று. பிறகு அதுவும் நின்றது. அவர் போன பிறகே ஊருக்கு வந்த ஓரெஸ்ட் அவரை ஒரே ஒரு படத்தில்தான் பார்த்திருக்கிறார். ஏரிக்கரையில் எடுத்தது. தொப்பி பாதி முகத்தை மறைத்திருந்தது.

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குப் போகலாமா என்று ஓரெஸ்ட் வகுப்பில் கேட்டபோது முதலில் கை தூக்கியவள் மார்லி. இந்த ஐந்து மாதத்தில் அவர் சொன்ன ஒரு விஷயத்துக்கு அவள் சரி என்றது அதுதான் முதல் தடவை. அன்று மாலை அவர் விசிலடித்துக்கொண்டே வாசலில் பனியை வாரினார்.

பஸ்ஸில் சூடு முன் நாலு வரிசைக்குத்தான் எட்டியது. பின்னால் உட்கார்ந்தவர்கள் ஜன்னலில் படிந்த உறைபனியை நகத்தால் சுரண்டிப் படம் வரைந்தார்கள்.

"பிரோடி, சூரியகாந்தி விதையைக் கீழ துப்பினா நீயேதான் பெருக்கணும்."

"நான் முழுங்கிட்டேன் சார்."

"தோலோடயா?"

"நார்ச்சத்து சார்."

பஸ் சிரித்தது. மார்லி சிரிக்கவில்லை. தோழி ஜோர்ஜாவின் பக்கத்தில், கைகளை ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டு, வெள்ளையாக நீண்டு கிடந்த வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். போன மாதம்தான் பொன்னிறக் கூந்தலைக் கருப்பாகச் சாயம் போட்டிருந்தாள். டார்லா அதற்கு ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தாயிற்று.

ஆய்வுக்கூடத்தில் அவர்களை வரவேற்றவள் அமரா என்ற ஆராய்ச்சி மாணவி. நைஜீரியாவிலிருந்து வந்தவள்; பேச்சில் நல்ல சுறுசுறுப்பு. எல்லோருக்கும் தலைக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் கொடுத்தாள். சட்டையில் குத்திக்கொள்ள ஆளுக்கு ஒரு வில்லை, கதிர்வீச்சு பட்டால் காட்டிக்கொடுப்பது.

"இது கருப்பாயிட்டா நான் செத்துருவேனா?" என்றான் பிரோடி.

"இல்ல. நான்தான் நிறைய ரிப்போர்ட் எழுதணும். அதனால தயவுசெஞ்சு பத்திரமா இரு."

கூடத்துக்குள் நுழைந்ததும் பேச்சு தானாக அடங்கியது. ஒரு முழு ஹாக்கி மைதானத்தைத் தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். நடுவில் கான்கிரீட் சுவருக்குள் பெரிய வளையம். அதன் உள்ளே எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் சுற்றுகின்றன. காந்தங்கள் அவற்றை வளைக்கும் இடத்திலெல்லாம் பளீரென்று ஒளி தெறிக்கிறது. அந்த ஒளியைக் குழாய் குழாயாக வெளியே எடுத்துத்தான் ஆராய்ச்சி செய்கிறார்கள். அமரா இதைச் சொல்லி முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அடுத்த பகுதியைக் காட்ட வேண்டியவர் காய்ச்சல்ல படுத்துட்டார். அவருக்குப் பதிலா இன்னொருத்தர் வர்றார். அக்டோபர்லதான் இங்க சேந்தார். வேலைக்கு நடுவுல பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்கோம், கொஞ்சம் மரியாதையா இருங்க."

இரும்புப் படியில் ஒருவர் இறங்கி வந்தார். உயரமான மனிதர். தலைக்கவசம், கண்ணாடி, கையில் பாதி கடித்த ஆப்பிள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"வணக்கம். நான் நீல் ஃப்ரீசன்."

அந்தப் பக்கத்தில் ஃப்ரீசன் என்ற பெயர் தெருவுக்கு நாலு இருக்கும். வகுப்பிலேயே மூன்று ஃப்ரீசன்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓரெஸ்ட்டும் ஒரு நொடி அப்படித்தான் நினைத்தார். பிறகு திரும்பி மார்லியைப் பார்த்தார். அவள் அந்த மனிதரைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஆச்சரியம் கொஞ்சம்கூட இல்லை.



நீல் பேசினார். நன்றாகவே பேசினார். கையை வளைத்துக் காந்தம் என்றார், விரலைச் சுற்றி எலக்ட்ரான் என்றார். அவர் பார்வை பிள்ளைகளின் தலைக்கு மேலேயே இருந்தது. மார்லி கையைத் தூக்கினாள்.

"சொல்லும்மா."

"வளையும்போதெல்லாம் அது ஒளியை வெளிய விடுதுன்னா, அதோட சக்தி குறைஞ்சுக்கிட்டே போகணுமே. அப்புறம் எப்படி நின்னு போகாம சுத்துது?"

"நல்ல கேள்வி!" நீல் உற்சாகமாக நிமிர்ந்தார். "வளையத்துல ஒரு இடத்துல அதுக்கு ஒரு தள்ளு குடுக்கறோம். ஒவ்வொரு சுத்துலயும், அந்த இடத்துக்கு வர்றப்பல்லாம். போன சக்தி திரும்பக் கிடைச்சுடும்."

"தள்ளாம விட்டுட்டா?"

"கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள சுவத்துல மோதிக் காணாமப் போயிடும்."

"சரி," என்றாள் மார்லி.

"உன் பேர் என்ன?"

அவர்கள் இருவருக்கும் நடுவில் இரண்டடி இடைவெளிகூட இல்லை.

"ஜோர்ஜா," என்றாள்.

நிஜ ஜோர்ஜா வாயைத் திறந்தாள். மார்லியின் பூட்ஸ் அவள் காலை மிதித்தது. "ஏய், ஆனா நீ..." என்று பின்னாலிருந்து பிரோடி ஆரம்பித்தான்.

"பிரோடி," என்றார் ஓரெஸ்ட். அந்தக் குரலை அவர் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் எடுப்பார். பிரோடி வாயை மூடிக்கொண்டான்.

"படிப்பு முடிச்சுட்டு இங்க வா, ஜோர்ஜா. உன்னை மாதிரி ஆள் வேணும்," என்றார் நீல். பிறகு அடுத்த கேள்விக்குத் திரும்பினார்.

கேன்டீனுக்குப் போகும் நீளமான நடையில் ஓரெஸ்ட் அவள் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டார். மற்றவர்கள் முன்னால் போய்விட்டிருந்தார்கள்.

"மார்லி, அவர்..."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"நீங்க கேட்டு நான் கை தூக்கினேன்ல, அதுக்கு முந்தின நாள்லேருந்து. இந்த ஆய்வுக்கூடத்து வெப்சைட்ல அவர் போட்டோ இருந்துச்சு."

அப்படியானால் அந்தக் கை தனக்காகத் தூக்கப்பட்டதில்லை. ஓரெஸ்ட் அதை விழுங்கிக்கொண்டார். அதற்கு வருத்தப்பட இது நேரமில்லை.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல. அவர் இவ்ளோ பக்கத்துல இருக்கார்னு தெரிஞ்சா அம்மா உடைஞ்சு போயிடுவா. நீங்களும் சொல்லாதீங்க." கையிலிருந்த தலைக்கவசத்தை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "அவருக்கு என்னை அடையாளம் தெரியல."

"தொப்பி, கண்ணாடி எல்லாம் போட்டிருந்தே. முடி வேற..."

"நானும் அவரைத் தொப்பி கண்ணாடியோடதானே பாத்தேன்?"



"நான் போய்ப் பேசட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம். பசிக்குது."

சாப்பாட்டு மேஜைகளில் பிள்ளைகள் ஹாம் வைத்த பன்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, நீல் ஒரு காபிக் கோப்பையோடு ஓரெஸ்ட்டின் எதிரில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியும் கவசமும் இல்லாமல் அவருக்கு வயது கூடித் தெரிந்தது.

"பசங்க நல்லாவே கேள்வி கேக்கறாங்க. எந்த ஊர்ப் பள்ளிக்கூடம்னு நான் கேக்கவே இல்ல பாருங்க."

"கில்மோர்."

கோப்பை பாதி வழியில் நின்றது.

"கில்மோரா? அந்த ஊர்ல நான் ஒன்பது வருஷம் இருந்தேன். என் பொண்ணு அங்கதான் படிக்கிறா. பன்னெண்டாவது. மார்லின்னு பேரு." அவர் மேஜை மேல் குனிந்தார். "உங்க வகுப்புல இருக்காளா?"

"இருக்கா."

"இயற்பியல் எடுத்திருக்காளா! இன்னிக்கு வரலையா?"

ஓரெஸ்ட் கையிலிருந்த பன்னைக் கீழே வைத்தார். எப்படியும் அது இனி உள்ளே போகப்போவதில்லை.

"மிஸ்டர் ஃப்ரீசன், என் பேர் ஓரெஸ்ட் மெல்னிக். டார்லாவோட வீட்டுக்காரர்."

"ஓ..." நீலின் காதுகள் சிவந்தன. பிறகு அவர் முகத்தில் வந்தது, ஆச்சரியப்படும்படி, ஒரு நிம்மதி. "அப்ப நல்லதாப் போச்சு. டார்லா உங்களைப் பத்திப் போன்ல சொன்னா."

"எப்ப?"

"நவம்பர்லேருந்து பேசிட்டுத்தானே இருக்கோம். பழைய வீட்டை விக்க என் கையெழுத்து வேணும்ல, அதுல ஆரம்பிச்சுது. நான் திரும்பி வந்ததை முதல்ல அவகிட்டதான் சொன்னேன். பொண்ணுகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்றேன், அதுவரைக்கும் நீ கூப்பிடாதேன்னா. சரின்னு காத்துக்கிட்டிருக்கேன்." அவர் ஓரெஸ்ட்டின் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். "உங்களுக்கு இதெல்லாம் தெரியும்தானே?"

"இப்ப தெரியும்," என்றார் ஓரெஸ்ட்.

வழிந்து ஓடிய காபியும், இல்லாத இருமலும், மைனஸ் நாற்பதும் ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. பக்கத்து வீட்டுக்காரர் நாய்க்குட்டி வாங்கியதைக்கூட ஓடிவந்து சொல்லும் டார்லா, இதை மட்டும் மூன்று மாதம் அவர் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு சொல்லாமல் இருந்திருக்கிறாள். கோபம் வந்தது. எழுந்து போகலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் பத்தொன்பது பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கே எழுந்து போவது?

"மார்லி வந்திருக்காளா?" நீல் மறுபடி கேட்டார். இப்போது குரல் இறங்கியிருந்தது.

"அதை அவகிட்ட கேட்டுட்டுத்தான் உங்களுக்குச் சொல்ல முடியும்."

அதுவே பதில்தான். நீல் மெதுவாகத் திரும்பி மேஜைகளைப் பார்த்தார். ஒவ்வொரு பெண்ணின் முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். ஜன்னலோரத்தில், பொன்னிறப் பின்னலோடு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அவர் பார்வை நின்றது. அங்கேயே நின்றது. அவர் கண்கள் பனித்தன.

அது பக்கத்துப் பண்ணைக்காரரின் மகள்.

 ஓரெஸ்ட் அந்த மனிதரின் தோளைப் பிடித்துத் திருப்பிவிடலாமா என்று நினைத்தார். அதற்குள் இரண்டு மேஜை தள்ளி மார்லி எழுந்தாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். காகிதத்தைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நேராக அவர்களிடம் வந்தாள்.

"ஜோர்ஜாங்கறது அவ," என்று பின்னால் கை காட்டினாள். "நான் மார்லி."

நீல் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்து விழுந்தது. கேன்டீன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இங்க வேண்டாம்," என்றாள் மார்லி. பிறகு ஓரெஸ்ட்டைப் பார்த்து, "எவ்ளோ நேரம் இருக்கு?" என்றாள்.

"கட்டுப்பாட்டு அறைக்குப் போறதுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. நீ அதுக்கு வரணும்னு இல்ல."

"நான் அதையும் பாக்கணும்."

நடையின் கோடியில் கண்ணாடிச் சுவர் போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. இருவரும் அங்கே போனார்கள். ஓரெஸ்ட் விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தார். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு பார்த்தார். நீல் உட்காரச் சொல்லிக் கை காட்டினார், அவள் உட்காரவில்லை. முதலில் பேசியவள் அவள்தான். நீளமாகப் பேசினாள். நீல் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் பேசினார். நடுவில் ஒரு தடவை அவள் கையின் பின்புறத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவர் தோளைத் தொடக் கையை நீட்டினார். அவள் ஒரு அடி பின்னால் போனாள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"சார்," என்று பிரோடி அவர் பக்கத்தில் வந்து குனிந்தான். குரலில் விளையாட்டு இல்லை. "அது அவங்க அப்பாதானே?"

"ஆமா."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார்."

"இங்க எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு பிரோடி."

"நான் சொல்லி இல்ல சார். அதான்."

பத்து நிமிஷம் பதினைந்தானது. அமரா வந்து கடிகாரத்தைக் காட்டினாள். ஓரெஸ்ட் போய்க் கண்ணாடியைத் தட்டினார். மார்லி வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் வரிசையில் சேர்ந்துகொண்டாள். கட்டுப்பாட்டு அறையில் திரைகளை எல்லாம் உற்றுப் பார்த்தாள்; கேள்வி மட்டும் கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜோர்ஜாவைத் தாண்டி முன்னால் வந்து, ஓரெஸ்ட்டின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். நகரத்தின் கடைசி விளக்கு பின்னால் போனது.

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள். "நவம்பர்லேருந்து."

"ஆமா."

"உங்களுக்கும் தெரியுமா?" சட்டென்று திரும்பினாள்.

"மத்தியானம் சாப்பிடறப்பதான் தெரியும். அவர் சொல்லித்தான்."

அவள் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பொய்யில்லை என்று தெரிந்துகொண்டாள் போலிருக்கிறது. "உங்ககிட்டகூடச் சொல்லலையா?" என்றாள். அந்தக் குரலில் கோபத்தோடு இன்னொன்றும் இருந்தது. அவருக்காக வருத்தம். "நான் அம்மா உடைஞ்சு போயிடுவாளேன்னு சொல்லாம இருந்தேன். லூசு மாதிரி."

"உங்கம்மாவும் உன்னைப் பத்தி அதையேதான் நினைச்சிருப்பா."

"நீங்க அம்மாவுக்கு சப்போர்ட்டா?"

"இல்ல. எனக்கு நல்லாவே கோவம் இருக்கு. அதை நான் வீட்டுக்குப் போய் உங்கம்மாகிட்டயே காட்டிக்கிறேன்."

அவள் லேசாகச் சிரித்தது மாதிரி இருந்தது. இருட்டில் சரியாகத் தெரியவில்லை.

"சனிக்கிழமை அவரை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லிட்டேன்," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "உங்க வீடு. உங்களைக் கேட்டிருக்கணும். கேக்கல."

ஓரெஸ்ட் யோசித்தார். தன் மேஜையில் அந்த உயரமான மனிதர் உட்கார்ந்து உருளைக்கிழங்கைப் பிசைவதை நினைத்துப் பார்த்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"இந்தக் குளிர்ல என்ஜின் உறையாம இருக்க அவர் காருக்கும் கரண்ட் பிளக் போடணும். இல்லேன்னா திரும்பிப் போறப்ப ஸ்டார்ட் ஆகாது," என்றார். "கராஜ்ல இன்னொரு நீள ஒயர் இருக்கு. எடுத்து வைக்கிறேன்."

மார்லி தலையாட்டினாள். "அவர் கடைசில வேற ஒண்ணு சொல்ல வந்தார். ரெண்டு தடவை ஆரம்பிச்சார். நீங்க வந்து கண்ணாடியைத் தட்டிட்டீங்க."

"என்னன்னு கேக்கலையா?"

"பயமா இருந்துச்சு," என்றாள்.

பள்ளி வாசலில் டார்லாவின் பிக்கப் வண்டி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, நின்றது. புகைப்போக்கியிலிருந்து வெள்ளையாகப் புகை எழுந்து அப்படியே தொங்கியது. அவள் எவ்வளவு நேரமாக அங்கே காத்திருந்தாளோ, கண்ணாடியில் அவள் மூச்சு உறைந்து பூத்திருந்தது.

ஓரெஸ்ட் முன்னால் ஏறினார். மார்லி பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினாள். டார்லா இருவர் முகத்தையும் ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கைகள் மடிக்கு இறங்கின.

"எப்படி இருந்துச்சு?" என்றாள். கேட்க வேண்டுமே என்று கேட்ட கேள்வி.

"சனிக்கிழமை சாப்பாட்டுக்கு நாலு பேர்ம்மா," என்றாள் மார்லி. "அப்பா வர்றார். நான்தான் கூப்பிட்டேன்."

 டார்லா அழுவாள் என்று ஓரெஸ்ட் எதிர்பார்த்தார். விளக்கம் சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் இரண்டும் செய்யவில்லை. அவரைப் பார்த்து, "உன்கிட்ட நான் சொல்லியிருக்கணும்," என்றாள். அவர் தலையை மட்டும் அசைத்தார். அதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பிறகு அவள் கண்ணாடி வழியாகப் பின் இருக்கையைப் பார்த்தாள்.

"அஞ்சு பேர்," என்றாள்.

"என்னது?"

"அவன் தனியா வர மாட்டான், மார்லி. அவன்கிட்ட ஒரு பையன் இருக்கான். மூணு வயசாகுது. ஜெர்மனிலேருந்து கூட்டிட்டு வந்திருக்கான்." அவள் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "அதை எப்படி உன்கிட்ட சொல்றதுன்னு தெரியாமத்தான் மத்த எதையுமே சொல்லல. உனக்கு ஒரு தம்பி இருக்கான்."

ஓரெஸ்ட் திரும்பிப் பார்க்கவில்லை. சீட் பெல்ட் மாட்டப்படும் சத்தம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. வெளியே பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பெற்றோர்களின் வண்டிகளில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். பிரோடி இவர்கள் வண்டியைப் பார்த்துக் கையை அசைக்கத் தூக்கி, பாதியில் இறக்கிக்கொண்டான்.

"அவன் பேர் என்ன?" என்று பின்னாலிருந்து மார்லி கேட்டாள்.

டார்லா கியரில் கையை வைத்தாள். பெயர் அவளுக்குத் தெரியும். மற்ற எதையும்விட இந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள் என்பதும் அவள் முகத்தில் தெரிந்தது. பதில் சொல்லாமல் வண்டியை எடுத்தாள்.